பத்தாவது நிமிஷத்துத் தண்ணீர்

“எந்த பைப்புலட்டி தண்ணி கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வருது?”

தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பள்ளிக்கூட உடுப்போடு இரண்டு பெண்பிள்ளைகள். கேட்டவள் செல்வி, பக்கத்தில் பார்வதி. ஏழாம் வகுப்பாம். செல்வியின் மடியில், போன பரீட்சையில் அவள் எழுதிய தாள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கட்டங்களுக்கு நடுவே சாய்வாக ஏறிய கோடு எனக்கும் நன்றாகத் தெரிந்தது.

“இது டிரம் நிறையுத கிராஃப்பு,” என்றாள் பார்வதி. “நாலு நிமிஷத்துல நாப்பது லிட்டர், எட்டுல எம்பது. அப்ப பத்துல நூறுதான? நீ ஏன் தொண்ணூறுன்னு எழுதுன?”

“எட்டு நிமிஷம் ஆச்சுன்னா எங்க சந்துல எல்லாரும் மோட்டார் போட்டுருவாங்க. பெறவு தண்ணி நூலாட்டம்தான் வரும். தினம் நாந்தான பிடிக்கேன்?”

நான் சிரிக்கவில்லை. எங்கள் சந்திலும் அப்படித்தான்.

“அரே, டீச்சர் உங்க சந்தையா கேட்டாங்க? இன்னைக்கு ரீடெஸ்ட்டு. இதுலயும் போச்சுன்னா ஸ்காலர்ஷிப் கிளாஸ்ல உன் பேரு கிடையாது.”

“தெரியும்ட்டி. விடமாட்டேன்.”

“அப்ப ஸ்கேல வையி. கோடு போற போக்குலயே நீட்டு.”

செல்வி நீட்டினாள். பஸ் குலுங்கியது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மூன்றாம் தடவை கோடு நேராக நூறில் போய் நின்றது.

“சரி, நூறுன்னே எழுதுதேன்,” என்றாள் பென்சிலைச் சீவிக்கொண்டே. “ஆனா கீழ ஒரு வரி சேப்பேன்: தண்ணி இதே வேகத்துல வந்தா.”