உமாராணிக்கு யார் துண்டு போர்த்துவது?

மேடையில் வீற்றிருக்கும் நம் கலைஞர்கள் சங்கத் தலைவர் கண்ணுசாமி அண்ணாச்சி அவர்களே, கொடை விழாக் கமிட்டிகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, முதல் வரிசையில் அழுதுகொண்டிருக்கும் பிரேமாவே, அவளோடு வந்திருக்கும் அரவாணிச் சகோதரிகளே! மைக் செட் தங்கச்சாமியின் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. ஊர் ஊராகப் போய் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, "அடுத்து மேடைக்கு வருபவர்" என்று அறிவிக்கிறவன். இரங்கல் கூட்டத்தில் கோபம் ஆகாது என்பார்கள். ஆகாவிட்டால் போகட்டும்! எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். 'நகைச்சுவைத் தென்றல்' என்று போட்டு, அதற்குக் கீழே ஓர் ஆம்பளைப் பெயர். யார் அவர்? அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. நமக்குச் சிரிப்புக் காட்டியது உமாராணி. செத்துப்போனது உமாராணி. நகைச்சுவைத் தென்றல் உமாராணி!

தொண்ணூற்று மூன்றில் நாகலாபுரம் பக்கம் ஒரு கோயில் கொடை. ஆட்டக்காரர்கள் வந்த வேன் வழியில் படுத்துவிட்டது. கூட்டம் விசிலடிக்கிறது, மண்கட்டி எறிகிறது. காய்ந்த கரிசல் கட்டி எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டக்காரர்களுக்கு மேக்கப் போட முன்னமே வந்திருந்த உமாராணி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"விளாத்திகுளத்துல பஸ் ஏறுனேன். பொம்பளைக சீட்டுல உக்காந்தா 'ஏலே எந்திரி'ங்காக. ஆம்பளைக சீட்டுல உக்காந்தா பக்கத்துல இருந்தவிய எந்திரிச்சி ஓடுதாக. இங்கன வந்து சேருத வரைக்கும் எனக்கு மட்டும் தனி சீட்டு! தாசில்தாருக்குக்கூட இது கெடைக்காது தாயீ!"

எறிய ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. ஒன்றரை மணி நேரம்! ஆட்டம் இல்லை, பாட்டு இல்லை, ஒற்றை ஆள், ஒரு மைக். மிளகாய்த் தரகர் சிரித்தார், கிடை ஆட்டை விட்டுவிட்டு வந்தவர் சிரித்தார், முறைத்துக்கொண்டிருந்த போலீஸ்காரரும் சிரித்தார். அடுத்தவரைக் கேவலப்படுத்தி ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. தன்னை வைத்தே நம்மைக் காட்டினாள்.

முடிந்ததும் மரியாதை செய்ய வேண்டுமே! ஆண் கலைஞருக்கு ஓர் ஆண் துண்டு போர்த்துவார். பெண் கலைஞருக்குப் பெண் ஒருத்தி வந்து போர்த்துவாள். இதுதான் நம் வழக்கம். அன்று கமிட்டித் தலைவரே வந்து உமாராணியின் தோளில் துண்டைப் போட்டார். அவள் என்ன செய்தாள்? துண்டை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இடுப்பில் சொருகினாள். "மாராப்புக்குத் துணி தந்த அண்ணாச்சிக்கு நன்றி. அடுத்த வருசம் ஜாக்கெட்டும் தந்தா நல்லாருக்கும்!"

ஊரே அதிர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனை மேடை! எத்தனை துண்டு! பதினோரு வருடம் ஒவ்வொரு மேடையிலும் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நம்மைக் கேட்டாள். நாம் கைதட்டினோம். ஒரு மேடையிலாவது, ஒரே ஒரு மேடையிலாவது, ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் போர்த்தச் சொன்னோமா?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். "அண்ணாச்சி, நோட்டீசுல உமாராணின்னு போடச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு கொடைக்கும் கேட்பாள். "கமிட்டிக்காரவிய சங்கடப்படுவாக, அடுத்த வருசம் பாப்போம்" என்பேன். பதினோரு அடுத்த வருசம்! இந்த வாயால்தான் அந்த ஆம்பளைப் பெயரைச் சொல்லி அவளை மேடைக்கு அழைத்தேன்.

போன மாதம் மஞ்சள் காமாலை. எந்த ஆஸ்பத்திரி என்பதை விடுங்கள். ஆண் வார்டா, பெண் வார்டா என்று பேசிப் பேசியே இரண்டு நாள் வராந்தாவில் போட்டுவைத்தார்கள். நான் போனபோது கண்ணெல்லாம் மஞ்சள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணாச்சி, இங்கனயும் எனக்குத் தனி சீட்டுதான்."

நான் சிரித்தேன், ஐயா. பழக்கத்தில் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் போய்விட்டாள். உயிரோடு இருந்தவரை வாசல்படி ஏறவிடாத சொந்தக்காரர்கள் உடலை வாங்க மட்டும் வந்தார்கள். கூடவே தங்கையாக இருந்த பிரேமா ஒரு பச்சைப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு இதக் கட்டுங்க, இதக் கட்டுங்க" என்று கெஞ்சினாள். கேட்டார்களா? முடியை வெட்டி, வேட்டி சட்டை மாட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கத்துக்காரர்கள் இத்தனை பேரும் அங்கேதான் நின்றோம். யாராவது வாயைத் திறந்தோமா? பன்னிரண்டு குழாய் வைத்திருக்கிற நான் ஒரு சத்தம் போட்டேனா?

இனிப் போடுவேன். எந்த ஊர்க் கொடையானாலும் சரி, ஒரு கலைஞர் சொல்லும் பெயர் நோட்டீசில் இல்லையென்றால் என் மைக் செட் அந்த ஊருக்கு வராது. பிழைப்பு போனால் போகட்டும்! அடுத்த மாதம் பசுவந்தனையில் பிரேமா மேடை ஏறுகிறாள். அறிவிக்கப்போவது நான். அவள் பெயரைச் சொல்லித்தான் அறிவிப்பேன்.

கடைசியாக ஒன்று. உமாராணி படத்துக்குப் போர்த்தத் தலைவர் ஒரு துண்டு வைத்திருக்கிறார். கண்ணுசாமி அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைக் கீழே வையுங்கள். மௌன அஞ்சலியும் வேண்டாம், இத்தனை நாளும் மௌனமாகத்தானே இருந்தோம்!

பிரேமா, மடியில் வைத்திருக்கிற அந்தப் பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு மேலே வாம்மா.