குளத்துக்கு மருந்து கூடிப்போச்சு

எங்கள் தீவில் சௌல்தாரிக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம், "அரே, எங்க வீட்டு நீச்சல் குளத்துக்கு மருந்து ஜாஸ்தியாயிடுச்சு மாப்ள," என்றார்.

"குளோரினா?"

"குளோரினை வெயில் தின்னுடாம காக்குற ஸ்டெபிலைசர். தண்ணி பச்சையாச்சேன்னு அதையே மேல மேல கொட்டினேன். அப்புறம் குளோரினே வேலை செய்யல."

"அதைக் குறைக்க மருந்து இல்லையா?"

"மெயின்லேண்டுல மருந்து விக்கிற கடைக்கு போன் போட்டேன். தண்ணிய இறைச்சுட்டு புதுசா நிரப்புறதுதான் வழின்னாங்க. நமக்கோ குழாய்ல தண்ணியே வரல. மொத்தத்தையும் இறைச்சுட்டு, மழை வருமான்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்தேன்."

"போன வாரம் நல்லா பெஞ்சுதே!"

"கூரைத் தண்ணியையும் திருப்பி விட்டதுல நிரம்பிடுச்சு. பளிச்சுனு தண்ணி. துண்டோட ஓடினேன். பொண்டாட்டி மறிச்சுட்டா. இனி இது வீட்டுத் தண்ணித் தொட்டியாம்."

"அப்ப நீச்சல்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "காலையில ஒரு வாளி தர்றா. அதுக்குள்ள நீந்திக்கிறேன்."