ஒரு கதிரை உள்ள வீடு

துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூதூர் பஸ் புறப்படக் காத்து நின்றது. எனக்கு முன் ஆசனத்தில் ஒரு வாப்பாவும் மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் பெரிய சித்திரக் கொப்பி. வெளிநாட்டில் கட்டடக்கலை படிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன என்பது பேச்சிலிருந்து விளங்கியது.

“மலேசியா எண்டா மாமி இருக்கா. ஸ்கொட்லாந்தில நமக்கு ஆரும் இல்லையே மகள்,” என்றார் வாப்பா.

“ஓம் வாப்பா. ஆனா ஸ்கொட்லாந்துக்காரர்தான் கதிரையைப் பற்றிக் கேட்டவங்க.”

“என்ன கதிரை?”

“நம்மட வீட்டைக் கீறித்தான் ரெண்டு இடத்துக்கும் அனுப்பினனான். மலேசியாவில வடிவா இருக்கு எண்டாங்க. ஸ்கொட்லாந்துக்காரர் நேர்முகத்தில, சாப்பாட்டு மேசைக்கு ஏன் ஒரு கதிரை மட்டும் எண்டு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உம்மா மௌத்தாகிட்டா, நானும் படிக்கப் போனா வீட்டில வாப்பா மட்டும்தான் எண்டு சொன்னனான்.”

அவர் கொப்பியை வாங்கி வீடு கீறியிருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பஸ் புறப்பட்டது.

“அப்ப ஸ்கொட்லாந்துக்கே போங்க,” என்றார். “கீறினதை வாசிக்கத் தெரிஞ்சவங்ககிட்டப் படிக்கிறதுதான் நல்லம்.”

“நீங்க தனிச்சுப் போவீங்களே.”

“ஓம் மகள். நீங்களும்தான்.”

மகள் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது வாப்பா அவள் பக்கம் சாய்ந்தார்.

“அங்க சரியான குளிர் எண்டு சொல்றாங்க. நல்ல சப்பாத்து ஒண்டு வாங்கோணும்.”