இரண்டாம் எண் கரு

எங்கள் செயற்கைக் கருத்தரிப்பு ஆய்வகத்துக்குள் யாரும் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது சார். மல்லிகை வாசனைகூடக் கருவுக்கு ஆகாது. பதினோரு வருஷமாக நான் வேலைநாளில் பூ வைத்ததில்லை.

ஃபாத்திமா என் ஓரகத்தி, கொழுந்தன் ரிச்சர்டின் மனைவி. ஃபாத்திமா மாதாவின் பெயரை வைத்த கிறிஸ்தவப் பெண்தான். முத்தியால்பேட்டையில் ஒரே வீடு. மேல்மாடி அவர்களுக்கு, கீழே எங்களுக்கு. இருவருக்குமே பிள்ளை இல்லை; ஒற்றுமையாகத்தான் இருந்தோம். என் கருக்கள் மூன்று தடவையும் மூன்றாம் நாளோடு நின்றுபோயின. பிறகு அவளும் எங்கள் மருத்துவமனைக்கே வந்தாள்.

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் லினெட் அக்கா, தைரியமா வந்துட்டேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். அவளுடைய இரண்டாம் எண் கரு மணி தவறாமல் பிரிந்தது. ஐந்தாம் நாள் காலை திரையில் முழுசாக உப்பி நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். நான்காம் எண் ஆறாம் நாள் மாலைதான் தேறியது. தாமதமாக வளர்பவற்றில் குரோமோசோம் கோளாறு கொஞ்சம் அதிகம். பரிசோதனையிலும் அப்படியே வந்தது: இரண்டில் குறையில்லை, நான்கில் பதினாறாவது குரோமோசோம் ஒன்று கூடுதல். அப்படி இருந்தால் பிள்ளை தங்காது, சில வாரங்களில் கலைந்துவிடும்.

முடிவு தெரிந்த அன்று மாமியார் வஞ்சிர மீனின் நடுத்துண்டுகளை மேல்மாடிக்கு அனுப்பினார். எனக்கு வால் துண்டு வந்தது.

உறையவைத்த கருவை எடுக்கும்போது ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் குழாயைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான் "ரெண்டு" என்றேன். என் உதவியாளர் பூவிழி என் முகத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டாள். கையில் இருந்தது நான்கு. இந்த விசாரணையில் அவளை விட்டுவிடுங்கள். என்னைச் சரிபார்ப்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற பெண்.

ஒன்பதாம் வாரம் கலைந்தது. மிளகு ரசம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தது நான்தான். கலைந்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. பதினாறு என்று வந்ததும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டாம் எண் எங்கே என்று கேட்கிறீர்கள். கருக்களை உறையவைக்கும் தொட்டியில் தேட வேண்டாம். நான்காம் தடவை என் கரு ஒன்று தேறியதாக என் கோப்பில் நானே எழுதிக்கொண்டேன். ஃபாத்திமாவுக்கு வைத்த அதே மாதம், டாக்டர் தம் கையாலேயே அதை எனக்கு வைத்தார். இப்போது நான்காவது மாதம் நடக்கிறது. ரிச்சர்டும் என் கணவரும் அண்ணன் தம்பி, எப்படியும் எங்கள் குடும்பத்துச் சாயல்தானே வரும், வீட்டில் யாருக்கும் உறுத்தாது.

ஃபாத்திமாவை நான் வெறுங்கையோடு விட்டுவிடவில்லை சார். ஞானஸ்நானத்துக்கு அவளைத்தான் ஞானத்தாயாக நிற்கச் சொல்லப்போகிறேன்.