இரண்டு பஸ்ஸுக்கு ஒரே டிக்கெட்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, பஸ் ஊழியர்களே, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நீங்கள் ஆசையாகப் 'பஸ் அக்கா' என்று அழைத்த, மறைந்த நம் உறுப்பினரைப் பற்றி இந்த இரங்கல் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? மன்றத்தில் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் நாங்கள் இருவர்தான். அவர் முன்மொழிவார், நான் வழிமொழிவேன். போன கூட்டத்தில் கடைசி வரிசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தாங்கமுடியவில்லை, அன்பர்களே!

அக்கா கேட்டது என்ன? மாளிகையா? மணிமண்டபமா? பஸ் மாறி ஏறுகிறவர்களுக்கு ஒரே டிக்கெட்! அவ்வளவுதான்!

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களோடு ஒருநாள் பஸ் ஏறினார். பாதி வழியில் எல்லோரும் இறங்கினார்கள். அடுத்த பஸ் கண்ணெதிரே நிற்கிறது, யாரும் ஏறவில்லை. இன்னொரு டிக்கெட் கட்டுப்படியாகாது என்று நடந்தார்கள். அக்காவும் நடந்தார்.

"உங்களுக்கென்ன தலையெழுத்தா? ஏறிப் போங்களேன்" என்றாராம் ஒரு பெண்.

"நீங்க தினம் நடக்கறீங்க. நான் ஒருநாள் நடந்தா தேஞ்சா போயிடுவேன்?"

மறுநாள் மன்றத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தார். வீறாப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை!

"பஸ்ஸே நஷ்டத்துல ஓடுதுக்கா, அதுல இது வேறயா?" என்று கேட்டீர்கள், மேயர் அவர்களே.

"மாறி ஏறணும்னு அவங்களா ஆசைப்பட்டாங்க? நேரா போன பஸ்ஸ நிறுத்துனது நாமதானே தம்பி?"

பிறகு எல்லோரும் எதிர்த்துக் கை தூக்கினீர்கள். ஒருமுறையா? வருஷா வருஷம்!

தோற்ற அன்றெல்லாம் அக்கா போன் செய்வார். அவர் வீட்டிலும் வேறு ஆளில்லை, என் வீட்டிலும் இல்லை. "சாப்பிட்டியாடா? விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார். இப்போது என்னை அப்படிக் கேட்க யாரும் இல்லை.

நாளை மன்றம் கூடுகிறது. அக்காவின் தீர்மானத்தை நான் முன்மொழிவேன். வழிமொழிய ஆளில்லாவிட்டால் விவாதமே கிடையாது, அதோடு தீர்ந்தது. அந்த விதி உங்களுக்குத் தெரியும்.

இங்கே கண்ணீர் விட்ட உறுப்பினர்களே! ஆதரித்து ஓட்டுப் போடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. வழிமொழிய உங்களில் ஒரே ஒருவர் எழுந்தால் போதும். எழுவீர்களா? எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: நீங்கள் எழும்வரை நான் உட்கார மாட்டேன்!