சேபருக்குத் தூசி ஆகாது

பளபளக்கும் கறுப்புப் பூச்சு காய்வதற்குள் அதன்மேல் குனிந்து அழகு பார்க்கக் கூடாது. பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவன் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது. இந்த வேலையிலேயே தலை நரைத்துப்போன நான் குனிந்தேன். என் நீலக் கம்பளி ஸ்வெட்டரிலிருந்து ஒரு நூல் உதிர்ந்து, சேபரின் இடது இறக்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை எடுக்கப் போய் என் விரல் ரேகையையும் பக்கத்தில் பதித்துவிட்டேன். போலீஸுக்கு வேலை மிச்சம்.

நான் டேப்பைப் பற்றிச் சொல்லத்தான் அரசு வக்கீலான உங்களிடம் வந்தேன், அம்மா. ஆனால் இந்த நூலிலிருந்து தொடங்காவிட்டால் டேப் விளங்காது.

நம் அர்ஜென்டினா விமானப்படை சேபர் போர் விமானங்களை வெற்று அலுமினியமாகவே பறக்கவிட்டது. உள்ளங்கை அகல பொம்மையில் அந்த மினுக்கத்தைக் கொண்டுவர, முதலில் கண்ணாடிபோல் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளி தூவ வேண்டும். கறுப்பில் ஒரு நூல் விழுந்தால் வெள்ளியின் கீழ் அது கப்பல் கயிறாகத் தெரியும். மூன்றாவது முறையாகச் சுரண்டி அடித்துக்கொண்டிருந்தேன். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் சங்கத்துக்கு இருப்பது ஒரே அறை. அல்தா கோர்தோபாவில், பேட்டை மன்றத்தின் பின்கட்டில். எர்மெஸ் தொசொலினி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். விமானம் ஒட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கீழே. உள்ளே உட்காரும் குட்டி விமானிக்குக் கண்ணும் மீசையும் எழுதுவதில் நாட்டிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லோருடைய விமானத்திலும் அவன் எழுதிய முகம்தான் உட்கார்ந்திருக்கும்.

“குண்டா, இது சேபர் இல்லடா, செம்மறியாடு. ரோமம் மொளைக்குது பாரு.”

“செவுத்துல இருக்கிற அந்தக் காத்துச் சல்லடை வழியாத்தான் தூசி வருது,” என்றேன்.

“நீல நூலு. நீ போட்டிருக்கிறதும் நீலம்.”

“காத்து கொண்டாந்து போடுது.”

“ஆமா, இந்த நாட்டுல எது நாசமாப் போனாலும் காத்துதான் காரணம்.”

சிரித்தேன். அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்வெட்டரைக் கழற்றினால் குளிரும். சல்லடையை அடைத்தால் யாருக்கும் குளிராது.

சுவரில் இரண்டு காற்றுச் சல்லடைகள். தரையோரம் ஒன்று, கூரையோரம் ஒன்று. எங்கள் காஸ் ஹீட்டருக்குப் புகைபோக்கி கிடையாது; அதன் விஷவாயு வெளியேற இந்த இரண்டு ஓட்டைகள்தான் வழி. அதைப் பொருத்திய பையன் லௌதாரோ போகும்போது என்னிடம்தான் சொன்னான்: “எத வேணா மூடுங்க ஐயா, இது ரெண்ட மட்டும் மூடாதீங்க.” நான் பெரிய மனிதன்போலத் தலையாட்டினேன். எர்மெஸ் கிளம்பியதும் இரண்டின்மேலும் மஞ்சள் காகித டேப்பை வரிவரியாக ஒட்டினேன். வண்ணம் அடிக்கும்போது விமானத்தின் கண்ணாடிக் கூண்டை மறைக்க ஒட்டுகிற அதே டேப். ஓரம் பிசிறில்லாமல், நகத்தால் நீவி ஒட்டினேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவன் நான்.

மறுநாள் கறுப்பு அடித்தேன். ஒரு தூசி இல்லை. அன்றைக்கு ஸ்வெட்டரும் போடவில்லை என்பதை உங்களுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு எர்மெஸைக் கூப்பிட்டேன். என் விமானிக்கு இன்னும் முகம் எழுதவில்லை. மத்தியானம் எல்லோரும் தூங்குகிற நேரம்; அவன் எனக்காக வந்தான்.

“கதவத் திறக்காத. உள்ள தூசி வரக்கூடாது,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் செய்தான். “தலை வலிக்குதுடா குண்டா. உன் தின்னர் நாத்தம் ஆளக் கொல்லுது. கொஞ்ச நேரம் ஜன்னலத் திறக்கட்டா?”

“தொறந்தா கண்காட்சிக்கு உன்னத்தான் கொண்டுபோய் வைப்பேன்,” என்றேன்.

சிரித்தான். திறக்கவில்லை. என் விமானத்தின்மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

நான் திரும்பி வந்தபோது மேசைமேல் தலை சாய்த்திருந்தான். கையில் தூரிகை. குறட்டைபோல மூச்சு வந்தது. கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. ஆரோக்கியமாகத் தூங்குகிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான். அப்புறம் என் கண் சல்லடைக்குப் போனது.

எல்லாம் விளங்கிவிட்டது. ஹீட்டரை அணைத்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு முட்டி போட்டுக் கீழ் டேப்பை உரித்தேன். டேப்பைப் பிய்க்கக் கூடாது, அம்மா. பிய்த்தால் அடியில் இருக்கும் வண்ணமும் சேர்ந்து வரும், சுவரில் தடம் விழும். நுனியை மடக்கி, தாழ்வாக, மெல்ல இழுக்க வேண்டும். அப்படித்தான் இழுத்தேன். அவன் மூச்சு என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. மேல் சல்லடை எட்டவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். என் எடைக்கு அது ஆடியது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியிருந்தது. உரித்ததையெல்லாம் உருண்டையாக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இவ்வளவு நேரமும் கதவு சாத்தியே இருந்தது. நான்தான் உள்ளே வந்ததும் சாத்தினேன். தூசிப் பழக்கம்.

அதற்குப் பிறகு அவனை அக்குளில் கைகொடுத்து முற்றத்துக்கு இழுத்துப்போய், அலறி ஆளைக் கூட்டினேன். அந்த அலறல் நடிப்பில்லை. ஆம்புலன்ஸில் அவனுடன் நானும் போனேன். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் அவன் உயிர் போய்விட்டது.

சல்லடைகள் திறந்திருந்தன, ஆகவே தப்பு ஹீட்டரில்தான் இருக்க வேண்டும், ஹீட்டருக்குப் பொறுப்பு லௌதாரோ. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கியது உங்கள் ஆட்கள். நான் எதையும் அடுக்கவில்லை. “சல்லடைய யாராவது மூடியிருந்தாங்களா?” என்று கேட்டபோது, “எப்பவும் திறந்துதான் இருக்கும்” என்றேன். பெரும்பாலும் அது உண்மை. லௌதாரோவைக் கைவிலங்கோடு ஏற்றியபோது மன்றத்து வாசலில் அவன் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். நான் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.

சேபரைக் கண்காட்சியில் வைத்தேன். “எர்மெஸின் நினைவாக” என்று சின்ன அட்டை. விமானிக்கு ஒரு கண்தான் எழுதியிருந்தான். கூண்டை மூடிவிட்டால் தெரியாது. தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: நான் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருப்பானா? ஆம்புலன்ஸ் டாக்டர் தோளைத் தட்டினார். பாதிரியார் கடவுள் சித்தம் என்றார். சங்கத்து ஆட்கள் ஃபெர்நெத் மது ஊற்றிக் கொடுத்தார்கள். எர்மெஸின் மனைவி மிர்த்தாகூட, “உன்னால ஆனத நீ செஞ்ச, தார்தோ” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யாருமே நேராகப் பதில் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நான் நேராகக் கேட்டால்தானே.

இன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்காரவைத்து மாத்தே டீ ஊற்றிக் கொடுத்தாள்.

“மிர்த்தா, நான் உள்ள போனப்ப அவன் மூச்சு விட்டுக்கிட்டிருந்தான்.”

“தெரியும். ஆம்புலன்ஸ்லயும் விட்டாருன்னாங்க.”

“நான் மொதல்ல அவனத் தூக்கல.”

டேப்பைச் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன அதே வரிசையில்தான். அவள் கெண்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நர்ஸாகிவிட்டாள்.

“மூச்சு எப்படி இருந்துது? விட்டு விட்டா?”

“இல்ல. கொறட்ட மாதிரி, சீரா.”

“கூப்பிட்டியா?”

“கீழ உரிக்கிறப்ப ஏதோ முனகினான். ‘இருடா, வரேன்’னேன்.”

“கதவு?”

“சாத்தியிருந்துது.”

அவள் என் கையிலிருந்த மாத்தேயை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள். அப்போதும் நான் அவள் என் தோளைத் தட்டுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“நான் டேப்ப விட்டுட்டு மொதல்ல அவன வெளிய இழுத்திருந்தா?”

“பொழச்சிருப்பாரு,” என்றாள் மிர்த்தா. “கீழ் டேப்போட நீ நிறுத்தியிருந்தாக்கூடப் பொழச்சிருப்பாரு.”