அவன் உதறிய இடதுகை

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காப்பி போடுவது என் பொறுப்பு. பதினோரு வருடமாகச் செய்கிறேன். எண்பது பேருக்கு எத்தனை கரண்டி தூள் என்பது வேறு யாருக்கும் பிடிபடவில்லை. அதனால் சமையலறை அலமாரியின் சாவியும் என்னிடமே இருந்துவிட்டது. நேற்று தொலைபேசியில் நீங்கள் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லச் சொன்னீர்கள். முதலில் மனதில் வந்தது இதுதான்.

சம்பளத்துக்குச் செய்தது வேறு வேலை. உங்களுக்குத் தெரியும், ஆனாலும் விசாரணைக்கு ஒலிப்பதிவு ஓடுவதால் சொல்லிவிடுகிறேன். என் பெயர் எல்டன் ஸ்வான்சன். வயது அறுபத்தொன்று. தொழில்முறைக் கால்பந்து அணிக்காக, ஹெல்மெட்டும் நீள்பந்துமாக ஆடுகிற நம் கால்பந்துதான், இருபத்தாறு வருடம் கல்லூரி கல்லூரியாகப் போய், அணியில் எடுக்கத் தகுந்த ஆள் பார்த்தேன். என் பங்கு ரிசீவர்கள். எறிகிற பந்தை முழு ஓட்டத்தில் பிடிக்கிறவர்கள். ஏப்ரலில் அணிகள் முறைவைத்துப் பையன்களை எடுக்கும் மூன்று நாட்களில் ஒருவன் பெயர் வாசிக்கப்பட்டால் அவன் வீட்டின் தலையெழுத்து மாறும். வாசிக்கப்படாதவன் மே மாதம் ஏதாவது கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான். இரண்டு விதமான தாய்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

டேரியன் வோமக்கை முதலில் பார்த்தது தெற்கு ஓஹையோவில், யாரும் எட்டிப்பார்க்காத ஒரு சின்னக் கல்லூரியில். மழை பெய்துகொண்டிருந்தது. அவன் பிடித்த பதினொரு பந்தில் ஒன்றுகூட மார்பைத் தொடவில்லை, எல்லாம் விரல்களில். ஆட்டம் முடிந்ததும், தண்ணீர் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவருக்குக் குனிந்து உதவினான். அன்றே என் நோட்டில் எழுதினேன், நல்ல கை, நல்ல பிள்ளை.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் பையன்களின் பெயர் அட்டைகள் வரிசையாக இருக்கும். ஆள் பார்க்கிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரே ஒரு அட்டையின் கீழ் தன் பெயர்ப் பட்டையை ஒட்டலாம். இவனுக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். டேரியனுக்கு இரண்டு வருடம் முன் நான் ஒட்டியவன் தேறவில்லை, அடுத்த வருடத்தவனும் தேறவில்லை. மூன்றாவதும் போனால் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

டேரியனை எதிர்த்தவர் ஹாலிஸ் ஓகில்பி. என்னோடு பதினெட்டு வருடம் வேலை செய்தவர், நண்பர். எங்கள் கருத்துவேறுபாடு எளிமையானது. பந்து கைக்கு வரும்வரை நான் பார்ப்பேன். வந்த பிறகு நடப்பதை அவர் பார்ப்பார். பிப்ரவரிக் கூட்டத்தில் அவர் டேரியனின் ஆட்டப் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.

"எல்டன், அந்த இடதுகையப் பாருய்யா. அடி விழுந்ததும் உதறுறான். மூணு ஆட்டத்துல ஏழு தடவ."

"குளிருய்யா ஹாலிஸ். நவம்பர் மழையில நீ போய் நில்லு, நீயும் உதறுவ."

"வலதுகைக்குக் குளிராதா?"

மேலாளர் பிராட்டன் சிரித்துவிட்டார். "இவன் கல்யாணத்துக்குப் போனாலும் கேக்குல எறும்பு இருக்கான்னுதான் பாப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிஸும்தான். ஆனால் அறிக்கையில் அவர் எழுதியது அப்படியே இருந்தது: நடுக்களத்தில் மோதல் வந்தால் பந்தை விடுவான், கழுத்தைப் பார்க்க வேண்டும்.

குளிர் அல்ல என்பது எனக்குத் தெரியும். டிசம்பரிலேயே டேரியன் என்னிடம் சொல்லியிருந்தான். நெடுஞ்சாலை ஓரத்து உணவுவிடுதி ஒன்றில் அவனுக்குக் கோழிக்கறிப் பை, மாவுக்குள் கறி வைத்துச் சுடுவார்களே அது, வாங்கிக்கொடுத்தேன். சாப்பிடுமுன் இருவரும் ஜெபித்தோம். பாதித் தட்டில் முள்கரண்டியை வைத்துவிட்டான்.

"மிஸ்டர் எல்டன், ஒண்ணு சொல்லணும். அடி பட்டா தோள்லருந்து விரல் வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி இருக்கு. நாலஞ்சு நொடி கை என்னுதே இல்ல. அப்புறம் சரியாயிடுது."

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. அம்மாகிட்டகூட."

"அவங்களுக்கு எதுக்குக் கவலை" என்றேன். அவன் தாய் லோரெட்டா பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறவர். நாளெல்லாம் நின்று கணுக்கால் வீங்கியிருக்கும். அந்தப் பெண்மணியை ஒரு கவலையிலிருந்து காப்பாற்றினோம் என்ற நிம்மதியோடு வீடு திரும்பினேன். அந்தப் பேச்சை அறிக்கையில் எழுதவில்லை. ஒரு பிள்ளை நம்பிச் சொன்னதைச் சுவரில் ஒட்டுவது சரியாகப் படவில்லை.

மார்ச்சில் ஹாலிஸ் யாருக்கும் தெரியாமல் அவனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். முறைப்படி அது தவறு. அவனே பதறிப்போய் எனக்குச் சொன்னான்.

"மிஸ்டர் ஓகில்பி பேசினாரு சார். கழுத்தப் படம் எடுத்துப் பாரு, செலவு நான் தர்றேன், விளையாட்டு போனாப் போகட்டும்னாரு. எனக்குப் பயமா இருக்கு."

"அவரு உனக்கு எதிரா எழுதினவருப்பா" என்றேன். "உன்ன எடுக்காம விட்டாத்தான் அவரு சொன்னது சரின்னு ஆகும். புரியுதா?"

"புரியுது சார்."

ஆனாலும் அவன் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. என் பள்ளித் தோழர் டாக்டர் நைஹாஃப் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். என் காரிலேயே அழைத்துப்போனேன். கழுத்தைப் படமெடுக்கும் அந்தக் குழாய் இயந்திரத்துக்குள் அவன் படுத்திருந்த நேரம் முழுக்க வெளியே அவன் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பரீட்சை நேரம். முடிவை நானே வாங்கிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்தான். மூன்று நாள் கழித்து அவனை அழைத்து, "ஒண்ணுமில்லப்பா, நல்லாத் தூங்கு" என்றேன். மறுமுனையில் அவன் அழுதான். மறுநாள், பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னான்.

அவன் அட்டையின் கீழ் என் பட்டையை ஒட்டினேன். ஐந்தாம் சுற்றில் எடுத்தார்கள். லோரெட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள ஆண்டவர்தான் அனுப்பிருக்காரு" என்றார். அணி மருத்துவர் மரத்துப்போகிறதா, வலிக்கிறதா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டபோது டேரியன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பழைய சமாச்சாரம் எதையும் கிளறாதே என்றுதான் சொல்லியிருந்தேன். தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் மனதார நம்பினான்.

ஆகஸ்டில், போட்டிப் பருவத்துக்கு முந்தைய இரண்டாவது ஆட்டம். நடுக்களத்தில் பந்து வந்தது. எம்பிப் பிடித்தான். எதிரணிப் பையன் முறைப்படிதான் மோதினான், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. டேரியன் விழுந்தான். இடதுகையை உதறுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உதறவில்லை. எதையுமே அசைக்கவில்லை. அவன் விரல்களைப் பிரித்துத்தான் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. மோதினால் விட்டுவிடுவான் என்று ஹாலிஸ் எழுதியிருந்தார். அதில் அவர் கணிப்பு தவறு.

இப்போது அவனுக்குக் கழுத்துக்குக் கீழே எந்த உணர்வும் தெரியாது. ஹாலிஸ் வேலையை விட்டுவிட்டார். லோரெட்டாவின் வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்குப் பலகைச் சரிவு ஒன்றைத் தானே ரம்பம் பிடித்துக் கட்டிக்கொடுத்தார். அந்தத் தொலைபேசி அழைப்புக்காக என்னிடம் அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

நீங்கள் கையில் வைத்திருப்பது நைஹாஃப் உங்களுக்கு எழுதிய கடிதம் என்று உள்ளே வந்ததுமே தெரிந்துகொண்டேன். செய்தியில் பையனின் முகத்தைப் பார்த்திருப்பார். ஆமாம், அவர் எனக்கு ஓர் உறை கொடுத்தார். காருக்குள் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். தண்டுவடம் போகும் வழி பிறவியிலேயே குறுகல், இந்தக் கழுத்தோடு இவன் இன்னொரு மோதலைத் தாங்க மாட்டான், அவனையும் தாயையும் உடனே கூட்டி வா என்று எழுதியிருந்தது. மடித்து வைத்துவிட்டு ஆண்டவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகுதான் அவனிடம் நல்லாத் தூங்கு என்று சொன்னேன்.

உறை பத்திரமாக இருக்கிறது. சபைச் சமையலறை அலமாரியில், காப்பி வடிதாள் பெட்டிக்கு அடியில். இதோ சாவி. அங்கே என்னைத் தவிர யாரும் கை வைப்பதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். டேரியனிடம் இதைச் சொல்ல வேண்டாம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அவனிடம் போகிறேன். கோழிக்கறிப் பையை மசித்து ஊட்டுவேன். போன வாரம்கூட, "நீங்க வந்தாத்தான் மிஸ்டர் எல்டன் சாப்பாடு இறங்குது" என்றான். எல்லாவற்றையும் இழந்த பிள்ளை. அவனுக்கு மிஞ்சியிருக்கும் இந்த ஒரு சின்ன ஆறுதலையும் பறிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.